சுகுனாவுக்கு ஏன் கோயில் கட்டி சமாதானம் பண்ண முடியாது: ஜுஜுட்சு கைசெனுக்குப் பின்னாடி இருக்கிற ஆயிரம் வருசக் கதை

ஸ்கூல்ல பேய்ங்க சூழ்ந்துக்கிச்சு, கூட இருக்கிறவங்களைக் காப்பாத்தணும், வேற வழி தெரியலை, ஒரு பையன் கையில இருந்த காஞ்சுபோன விரலை அப்படியே வாயில போட்டு முழுங்கிடறான். அடுத்த நொடி அவன் உடம்புல அந்த விரலோட சொந்தக்காரன் சுகுனா முழிச்சுக்கிறான். மூஞ்சியில கறுப்புக் கோடு, கண்ணுக்குக் கீழ இன்னொரு ஜோடிக் கண்ணு, நிலா வெளிச்சத்துல நின்னு வாய்விட்டு சிரிக்கிறான். வெளிச்சத்தை உடம்போட உணர்ந்தாத்தான் அது வெளிச்சம்ங்கிற அர்த்தத்துல அவன் பேசறதுதான் முதல் வசனம். ஆயிரம் வருசம் அடைஞ்சு கிடந்தவன் வெளிய வந்ததும் யாரைப் பழிவாங்கணும்னு கேக்கலை, எவன் என்னைக் கொன்னான்னும் கேக்கலை. இந்த ஒரு விசயத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் புரியவைக்கப் பாக்கிறேன், ஏன்னா இதோட கனம் தெரியணும்னா ஜப்பான் வரலாறு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல அடிப்படை. ஜுஜுட்சு கைசென் கெகெ அகுதாமி எழுதி வரைஞ்ச மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், 2018 மார்ச்ல வீக்லி ஷோனென் ஜம்ப் பத்திரிகையில ஆரம்பிச்சு 2024 செப்டம்பர்ல 271 அத்தியாயத்தோட முடிஞ்சுது. மாப்பா ஸ்டுடியோ அனிமே ஆக்கி 2020 அக்டோபர்ல முதல் சீசன், 2023ல ரெண்டாவது சீசன், 2026 ஜனவரியில மூணாவது. நடுவுல 2021 கிறிஸ்துமஸ் சமயத்துல முன்கதை படமா வந்துச்சு. கதை நடக்கிறது 2018ல, யூஜி இதாதோரி விரலை முழுங்கறது செண்டாய் நகரத்துல. மூணாவது சீசன் வரைக்கும் உள்ள சில விசயங்களைத் தொட்டுப் பேசுவேன், பாக்காதவங்க அதை மனசுல வச்சுக்கோங்க.

நிறைய பேர் சுகுனாவை மறுபிறவி எடுத்த மந்திரவாதின்னு சொல்றாங்க. சுருக்கமா சொல்ல அது சரிதான், ஆனா நாம மறுபிறவின்னு சொல்றப்போ மனசுல வர்ற எதுவும் இங்க இல்லை. வினை இல்லை, போன ஜென்மத்துப் பாக்கி இல்லை, குழந்தையா பொறந்து வளர்றது இல்லை. கதையில வர்ற சொல் 'ஜுனிக்கு', சதையை ஏத்துக்கிறதுன்னு அர்த்தம். ஒரு சூனியக்காரன் சாகறதுக்கு முன்னாடி தன்னையே ஒரு பொருளா மாத்திக்கிறான், அந்தப் பொருள் நூறு வருசமோ ஆயிரம் வருசமோ காத்துக் கிடக்கு, யாரோ ஒரு அப்பாவி அதை விழுங்கினா அவன் உயிரை உள்ள அமுக்கிட்டு இவன் மேல வந்துடறான். கூடு விட்டு கூடு பாயறதுன்னு நம்ம கதைங்கள்ல வருமே, அதுக்குப் பக்கத்துல வருது இது, ஆனா அங்க கூடு காலியா இருக்கும், இங்க ஏற்கெனவே ஒரு உயிர் குடியிருக்கிற வீட்டுக்குள்ள புகுந்து அதை நெரிக்கணும். யூஜி விதிவிலக்கு. ஆயிரம் வருசத்துல இந்த மாதிரி ஒரு பாத்திரம் (சுகுனாவை உள்ள வச்சுக்கற உடம்பு) பொறந்ததில்லைன்னு யூஜியோட வாத்தியார் கோஜோ சொல்றாரே, அது சுகுனாவைத் தாங்கற பலத்தைப் பத்தி மட்டும் இல்லை, சுகுனா உள்ள இருக்கும்போதே தன் உடம்பை தானே வச்சிருக்கானே அதுக்கும் சேத்துத்தான்.

சரி, ரியோமென் சுகுனான்னு ஒருத்தன் நிஜமாவே இருந்தானா? பேர் இருக்கு. 720ல எழுதி முடிச்ச நிஹோன் ஷோகி, ஜப்பான் அரசவை தன் வரலாறா எழுதி வச்சுக்கிட்ட புத்தகம், அதுல நின்தோகு பேரரசரோட 65வது வருசத்துக்குக் கீழ ஒரு சின்ன பத்தி வருது. ஹிடாங்கிற மலைநாட்டுல சுகுனான்னு ஒருத்தன் இருந்தான், ஒரே உடம்பு ரெண்டு முகம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கம் பாத்திருக்கும், உச்சந்தலை ஒண்ணா சேந்து பிடரியே கிடையாது, ரெண்டு முகத்துக்கும் தனித்தனியா கை கால், பலசாலி, வேகக்காரன், ரெண்டு பக்கமும் வாள் தொங்கும், நாலு கையாலயும் வில் பிடிப்பான். அரச கட்டளைக்குப் பணியலை, மக்களைக் கொள்ளையடிச்சு அதுல சந்தோசப்பட்டான், அதனால ஒரு தளபதியை அனுப்பி கொன்னுட்டோம். அவ்வளவுதான் பத்தி. ரியோமென்னா ரெண்டு முகம்னு அர்த்தம்.

இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிங்க. கட்டளைக்குப் பணியலைங்கிறது எவ்வளவு முக்கியமான வரின்னு தெரியும். தலைநகரம் மலைநாடுகளை ஒண்ணொண்ணா தனக்குக் கீழ கொண்டு வந்ததை எழுதற புத்தகம் இது, பணியாத ஆளுங்களை மனுசனா எழுதாம பூமிச் சிலந்தின்னு எழுதறது அந்தப் புத்தகத்துல பல இடத்துல நடக்குது. சுகுனாவும் ஹிடா பக்கத்து ஒரு தலைவனா இருந்திருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றது இதை வச்சுத்தான்.

அதே ஆளைப் பத்தி ஹிடாவுல போய்க் கேட்டா கதையே வேற. இன்னிக்கு கிஃபு மாநிலத்துல டக்கயாமா நகரம் இருக்கிற பகுதி அது. அங்க செங்கோஜின்னு ஒரு மலைக்கோயில், அந்த மலையைத் தொறந்து வச்சதே சுகுனாதான்னு கோயில் வரலாறு சொல்லுது. அந்தப் பக்கத்துக் கதைங்கள்ல அவர் விஷ நாகத்தை அடக்கினவர், மக்களைக் காப்பாத்தின வீரர், புத்த மதத்தைக் கொண்டு வந்த பெரியவர், கன்னோன் போதிசத்துவரோட அவதாரம்னு கூட சொல்றவங்க உண்டு. 17ஆம் நூற்றாண்டுல என்கூன்னு ஒரு துறவி ஊர் ஊரா நடந்து கோடாலியாலயும் உளியாலயும் மரத்துல சிலை செதுக்கிக்கிட்டே போனவர், ஆயிரக்கணக்குல இன்னும் மிச்சம் இருக்கு, அவர் செதுக்கின சுகுனா சிலை ஒண்ணு இந்தக் கோயில்லதான் இருக்கு. அந்தச் சிலை படத்தைத் தேடிப் பாருங்க. ரெண்டு முகமும் எதிரெதிரா இல்லை, பக்கத்துல பக்கத்துல முன்னாடியே தெரியுது, என்கூ சிலைங்கள்ல வழக்கமா இருக்கிற அந்த மெல்லிசான சிரிப்பும் இருக்கு, உளி விழுந்த தடம் அப்படியே தெரியுது. கையில கோடாலி. ஏன் வில்லும் வாளும் இல்லாம கோடாலின்னு யோசிச்சா எனக்குத் தோணறது, ஹிடா தச்சர்களோட ஊரு. பழைய சட்டப்படி அந்த ஊர் மட்டும் சில வரிகளுக்குப் பதிலா தலைநகரத்துக்குத் தச்சர்களை அனுப்பணும், நாராவுலயும் கியோட்டோவுலயும் எழும்புன கட்டடங்கள்ல அந்த ஊர் கை இருக்கு. அந்த ஊர்ச் சாமி கையில கோடாலி இருக்கிறது எனக்கு ரொம்பப் பொருத்தமா படுது.

இப்போ அனிமேக்கு வாங்க. கோஜோ ஆரம்பத்துலயே யூஜிகிட்ட ஒரு விசயம் சொல்றாரு, பல பேர் காதுல விழாம போயிடுது. ரியோமென் சுகுனா நாலு கையும் ரெண்டு முகமும் உள்ள ஒரு கற்பனைப் பேய், ஆனா அவன் நிஜத்துல இருந்த மனுசன், ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி. ரெண்டையும் சேத்துப் படிச்சாதான் புரியும். நிஹோன் ஷோகி சொல்ற காலத்தைப் பழைய கணக்குல வச்சா நாலாம் நூற்றாண்டு, கதையில வர்ற சுகுனா வாழ்ந்தது ஹேயான் காலம், 794க்கு அப்புறம். அதாவது ரெண்டும் ஒரே ஆள் இல்லை. ஒரு மனுசனைப் பாத்து பயந்துபோன ஜனங்க பழைய புத்தகத்துல இருந்த ராட்சசன் பேரை அவன் தலையில வச்சாங்க, அவனும் அதைக் கிரீடம் மாதிரி ஏத்துக்கிட்டான். நடுவுல இன்னொரு கை மாறலும் உண்டு, 2005ல ஜப்பான் இணையத்துல ஒட்டிப் பிறந்த ரெட்டையர் மம்மி ஒண்ணு கோயில் பெட்டியில கிடைச்சதுன்னு ஒரு திகில் கதை இதே பேர்ல பரவுச்சு. அதுக்கப்புறம் வளர்ந்த பிள்ளைங்களுக்கு அந்தப் பேர் கேட்டா ஹிடா சாமிக்கு முன்னாடி சாபம்தான் ஞாபகம் வருது.

ஏன் ஹேயான் காலம்? சூனியத்தோட பொற்காலம்னு கதை அதைத்தான் சொல்லுது, சும்மா அழகுக்குச் சொன்னது இல்லை. அந்தத் தலைநகரமே ஒரு பேய்க்குப் பயந்து எழும்புனதுன்னு சொல்லலாம். 785ல சாவரா இளவரசர் மேல ஒரு கொலைச் சதிப் பழி விழுந்து, சோறு தண்ணி இல்லாம நாடுகடத்தப்படற வழியிலேயே செத்துப்போறார். அப்புறம் அரச குடும்பத்துல சாவு, வியாதி, வெள்ளம். அவரோட ஆவிதான்னு நடுங்கிப்போன கம்மு பேரரசர் கட்டிக்கிட்டு இருந்த தலைநகரத்தை விட்டுட்டு 794ல இன்றைய கியோட்டோவுக்கு மாறினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. செத்துப்போன அந்த இளவரசருக்கு 800ல பேரரசர் பட்டமே கொடுத்தாங்க! 863ல தொற்று வியாதி பரவுனப்போ ஷின்சென் தோட்டத்துல சாவரா உள்பட அநியாயமா செத்த ஆறு பேரோட ஆவிகளுக்கு அரசாங்கமே விழா எடுத்துச்சு. கோர்யோன்னு சொல்றாங்க, வஞ்சிக்கப்பட்டு செத்தவங்களோட ஆவி.

இதுல உச்சம் சுகவாரா நொ மிச்சிசானே. பெரிய அறிஞர், கவிஞர், மந்திரி. அரசவையை ஆட்டிவச்ச ஃபுஜிவாரா குடும்பம் பழி சுமத்தி 901ல கியூஷு தீவுல தசாய்ஃபுவுக்கு விரட்டுச்சு, 903ல அங்கயே செத்தார். பழி போட்ட ஃபுஜிவாரா நொ தோகிஹிரா 909ல நாப்பது வயசு கூட ஆகாம செத்தார், 923ல பட்டத்து இளவரசர் போனார், 930ல அரண்மனை மண்டபத்து மேலேயே இடி விழுந்து அதிகாரிங்க செத்தாங்க, அதைப் பாத்த பேரரசர் தைகோ மூணு மாசத்துல கண்ணை மூடினார். மிச்சிசானேதான் இடியா வந்துட்டார்னு ஊரே நம்புச்சு. பதவியைத் திருப்பிக் கொடுத்தாங்க, 947ல கித்தானோவுல கோயில் எழும்புச்சு, செத்தவருக்கு 993ல முதல் மந்திரி பட்டம். இன்னிக்கு அவர் தென்ஜின், கல்விக் கடவுள், பரீட்சைக்கு முன்னாடி பிள்ளைங்க அவர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுட்டு வர்றாங்க. கதையில கோஜோவும், முன்கதைப் படத்தோட நாயகன் யூதா ஒக்கோத்சுவும் இந்த மிச்சிசானே வம்சம்னு வர்றது சும்மா இல்லை, இன்னிக்கு உலகத்தையே தாங்கற ரெண்டு பேரோட சக்தி, அநியாயம் பண்ணப்பட்ட ஒரு மனுசனோட கோபத்துல இருந்து வந்தது.

அந்தக் காலத்துல இதெல்லாம் அரசாங்க வேலையாவே இருந்துச்சுங்கிறதையும் சேத்துக்கோங்க. ஒன்மியோரியோன்னு ஒரு அரசுத் துறை, பஞ்சாங்கம் போடறது, நட்சத்திரம் பாக்கிறது, நீர்க்கடிகாரத்துல நேரம் சொல்றது, குறி பாக்கிறது எல்லாம் சம்பளத்துக்குச் செஞ்சாங்க. ஜப்பான்ல ரொம்பப் பேர் போன குறிகாரர் ஆபே நொ செய்மெய் அங்கதான் பேர் எடுத்தார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தது காமோ குடும்பம், கதையில வர்ற மூணு பெரிய வீட்டுல ஒண்ணான காமோ அந்தப் பேர்தான். ஃபுஜிவாரா நொ மிச்சினாகா நாட்டையே கையில வச்சிருந்த ஆள், தன் டைரியை இந்த மாதிரி பஞ்சாங்கத்தாள்லதான் எழுதினார், அவர் கையெழுத்துலயே இன்னும் இருக்கு. நாள் பாத்து, திசை பாத்து, நாம காலண்டர்ல சூலம் பாக்கிற மாதிரி பாத்துத்தான் வெளியவே கிளம்புவாங்க. பொம்மை செஞ்சு ஆணி அடிச்சு ஒருத்தரைக் கெடுக்கிறது சட்டப்படி குற்றம், தண்டனை உண்டு. யூஜியோட வகுப்புத் தோழி நொபாரா கையில இருக்கிற வைக்கோல் பொம்மையும் ஆணியும் சுத்தியலும் அங்க இருந்து வர்ற பழக்கம். 1870ல மெய்ஜி அரசாங்கம் இந்தத் துறையை மூடிடுச்சு.

இப்போ நான் முதல்ல சொன்ன விசயத்துக்கு வரேன். ஹேயான் ஜனங்களுக்கு ஆவியை எப்படிச் சமாளிக்கணும்னு ஒரு வழிமுறை தெரிஞ்சிருந்துச்சு. அவனுக்கு என்ன அநியாயம் நடந்ததுன்னு கண்டுபிடி, பதவியைத் திருப்பிக் கொடு, பட்டம் கொடு, கோயில் கட்டு, வருசா வருசம் விழா எடு, அவன் உன்னைக் காக்கிற சாமி ஆயிடுவான். கோபத்துக்குக் காரணம் இருக்கிற வரைக்கும் இந்த வழி வேலை செய்யும். சுகுனாகிட்ட கோபமே கிடையாது. யாரும் தனக்குத் துரோகம் பண்ணிட்டதா அவன் புலம்பி நான் பாத்ததில்லை. பசிச்சா சாப்பிடுவான், பிடிக்கலைன்னா வெட்டுவான், பலமான ஆள் கிடைச்சா சந்தோசப்படுவான். அவனுக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அதனாலதான் அவனைப் பாத்தா வயிறு கலங்குது, அவன் பலத்தை விட இதுதான் எனக்குப் பெருசா தெரியுது. ஜோகோ, மஹித்தோ மாதிரி சாபங்கள் கூட மனுசங்களோட பயத்துல வெறுப்புல பொறந்ததுங்க, அதுங்க பக்கத்துலயும் ஒரு நியாயம் கேக்குது, சுகுனா அந்தப் பேச்சுக்கே வரமாட்டான்.

பசின்னு சொன்னேன்ல, அதைப் பக்கத்துல போய்ப் பாக்கணும். அவனோட ரெண்டு வெட்டு, ஒண்ணு 'காய்', இன்னொண்ணு 'ஹச்சி'. காய்ங்கிற எழுத்துக்குப் பிரிச்சுப்போடறதுன்னு அர்த்தம். ஹச்சிக்கு எழுதற எழுத்தைத்தான் ஜப்பான்ல மீன் ஆயறதுக்கும் எழுதுவாங்க, சபாக்குன்னு படிப்பாங்க. அவனோட எல்லை விரிப்புக்கு, அதாவது தன்னைச் சுத்தி தன் சக்தியாலேயே ஒரு இடத்தை விரிச்சு எதிரியை அதுல மாட்டற உத்திக்கு, பேர் ஃபுகுமா மிசுஷி, இங்கிலீஷ் சப்டைட்டில்ல ஏதோ கெட்ட கோயில்னு முடிச்சுடறாங்க. சுஷின்னா புத்தர் சிலை வைக்கிற ரெட்டைக் கதவு மாடம், அதே சமயம் மிசுஷிதோகோரோன்னா அரண்மனையில பேரரசருக்குச் சமைக்கிற இடம். கோயிலும் சமையலும் ஒரே சொல்லுக்குள்ள, நாம மடப்பள்ளின்னு சொல்றதோட வாசனை கொஞ்சம் அடிக்குது. வெட்டி முடிச்சப்புறம் அவன் எடுக்கிறது நெருப்பு, அதுக்கும் அடுப்போட தொடர்பு இருக்கு. அவனோட விசுவாசி உராவுமே யாருன்னு பாத்தா அவனுக்கு மனுசக் கறி சமைச்சுப் போட்டவர். டோக்கியோவோட ஷிபுயா பகுதியில அந்தக் கோயில் விரியறப்போ தரை மட்டமாகறதைப் பாத்து எல்லாரும் குண்டு வெடிச்ச மாதிரின்னு சொல்றாங்க, எனக்கு அது ஆஞ்சு, நறுக்கி, அடுப்புல ஏத்தற வரிசையாத்தான் தெரியுது, முன்னாடி இருக்கிறது ஊர்ங்கிறதே அவன் கண்ணுக்குப் படலை.

இன்னொரு பக்கம் நமக்கு ரொம்பத் தெரிஞ்ச பேருங்க ஒளிஞ்சிருக்கு. ஹேயான் காலத்துல சீனா வழியா வந்த மந்திர பௌத்தம் ஜப்பான்ல வேர் பிடிச்சுது, 806ல குகாய் திரும்பி வந்து ஷிங்கோன் மார்க்கத்தை ஆரம்பிச்சார், அதோட இந்தியத் தேவர்களும் முத்திரைகளும் போய்ச் சேந்துச்சு. எல்லை விரிக்கிறப்போ இவங்க கையில பிடிக்கிற முத்திரை எல்லாம் அங்க இருந்து எடுத்தது. கோஜோ பிடிக்கிறது தைஷாகுதென் முத்திரை, அதாவது இந்திரன். சுகுனா பிடிக்கிறது என்மாதென் முத்திரை, யமன். இது தெரிஞ்சு அந்த ரெண்டு பேரையும் பாத்தா வானமும் சாவும் மோதறதா தெரியும். யூஜியோட வகுப்புத் தோழன் மெகுமி ஏவல் பேயா கூப்பிடற மஹோராகா, நமக்கு அகராதியே வேண்டாம், மகா உரகம், பெரிய பாம்பு, பௌத்தத்துல தர்மத்தைக் காக்கிற எட்டு கூட்டத்துல ஒண்ணு. அதைக் கூப்பிட மெகுமி சொல்ற 'ஃபுரு பே யுரா யுரா' இன்னும் பழசு. மொனோநோபே குடும்பத்தோட சடங்குல பத்துப் புனிதப் பொருளைக் குலுக்கிக்கிட்டே சொல்றது, இதைச் சொன்னா செத்தவனும் எழுந்து வருவான்னு பழைய நூல்ல இருக்கு. மெகுமி அதைச் சொல்றது எல்லாம் தானும் சாகத் துணியற நேரத்துல. உயிர் கொடுக்கிற மந்திரத்தை ஒரு பதினஞ்சு பதினாறு வயசுப் பையன் சாகறதுக்குச் சொல்றான், ஷிபுயாவுல அந்த இடம் வர்றப்போ எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சை அடைக்கும்.

இவ்வளவுக்கும் பின்னாடி கயித்தை இழுக்கிறவன் கென்ஜாக்கு. ஆயிரம் வருசமா மண்டைக்குள்ள மூளையை மாத்தி மாத்தி உடம்பு தாவி வாழ்றவன், இப்போ கோஜோவோட செத்துப்போன நண்பன் கெட்டோவோட உடம்புல இருக்கான். அவன் பேரே கயிறுதான். ஃபுகூ கென்ஜாக்கு கன்னோன்னு ஒரு போதிசத்துவர், சமஸ்கிருதத்துல அமோகபாசர், நாரா தோதாய்ஜி வளாகத்துல எட்டாம் நூற்றாண்டுச் சிலை இருக்கு. அவர் கையில இருக்கிற பாசக்கயிறு யாரையும் விட்டுவிடாம மீட்டெடுக்கிறதுக்கு. அந்தக் கருணைக் கயித்தோட பேரை எடுத்து யாரையும் விட்டுவைக்காத ஒருத்தனுக்கு வச்சதை நினைச்சு நினைச்சு நான் ஆச்சரியப்பட்டிருக்கேன். பழைய காலத்துச் சூனியக்காரங்ககிட்ட ஒப்பந்தம் போட்டு அவங்களைப் பொருளாக்கி வச்சு, ஷிபுயா முடிஞ்சதும் ஒரே நேரத்துல நாடு முழுக்க எழுப்பி விட்டு ஒருத்தரை ஒருத்தர் கொல்ல வைக்கிறான். மூணாவது சீசன் அதுதான்.

அதுல செண்டாய் சண்டை வர்றப்போ உரோ தகாகோவைக் கவனமா பாருங்க. ஹேயான் காலத்துல ஃபுஜிவாரா குடும்பத்துக்காகக் கொலை செய்யற படைக்குத் தலைவியா இருந்தவ, சொந்தப் பேர் கூட இல்லாம வேலை செஞ்சவ, கடைசியில அந்தக் குடும்பத்து ஆளோட குற்றத்தைத் தன் தலையில போட்டுக் கொன்னுட்டாங்க. அவகிட்ட இருக்கிறது அச்சு அசலா கோர்யோவோட கோபம். யாராவது அவ பேரைச் சொல்லி, நடந்தது தப்புன்னு ஒத்துக்கிட்டிருந்தா அடங்கியிருக்கக்கூடிய கோபம், யாரும் அதைச் செய்யலை. எதிர்ல நிக்கிற யூதாவைப் பாத்ததும் ஃபுஜிவாரா ரத்தம்னு கொதிக்கிறா. யூதாவோட மூதாதை மிச்சிசானேயை நாடுகடத்தினதும் அதே ஃபுஜிவாராதான், இது அவளுக்குத் தெரியாது, அவனும் சொல்றதில்லை. ஒரே குடும்பத்தால கெட்டுப்போன ரெண்டு பேரோட பாக்கி ஆயிரம் வருசம் கழிச்சு, யூஜி அந்த விரலை முழுங்கின அதே ஊர்ல, ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது.